உறை சரி, முழங்கால்தான் சரியில்லை

மனிதர்களில் ஒரு ரகம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பக்கத்து வீட்டில் இல்லையென்றால் எதிர்வீட்டில். இவர்கள் ஒரு பொருளைச் செய்வார்கள், அல்லது கொடுப்பார்கள், அல்லது வாங்கச் சொல்வார்கள். அது நம் காலை வாரிவிட்டால்கூடப் பொருள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்மைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். "நான் சொன்ன மாதிரிதான் செஞ்சீங்களா?" என்பார்கள். முடிந்தது கதை. இனி குற்றவாளி நாம்.

இந்த ரகத்தில் படிக்காதவர் உண்டு, படித்தவரும் உண்டு. படித்தவர் கொஞ்சம் ஆபத்து. அவரிடம் வரைபடம் இருக்கும்.

என் அத்தை மகன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை, பொருள்களை ஆராய்கிற இயற்பியல்காரர். எதை இழுத்தால் நீளும், எதை மடக்கினால் உடையும் என்று பார்ப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். அதையே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்தால் முதுகில் ஒன்று வைப்போம். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். சாப்பிடுவதற்கு முன் கரண்டியை வளைத்துப் பார்ப்பார். "இது சோர்ந்துபோன உலோகம்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். வளைத்ததை நிமிர்த்தித் தருவாரா? மாட்டார். வளைகிற கரண்டியை வாங்கியது நம் தப்பு.

குணம் வம்சத்தில் வந்தது. இவருடைய பெரியப்பா தையல்காரர். எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். பொத்தான் போட முடியவில்லை. "சட்டை அளவாத்தான் இருக்கு, நீங்க மூச்சு விடாம இருங்க" என்றார். அந்தத் தையல்காரரின் தம்பி மகன்தான் இவர். ரத்தம் எங்கே போகும்?

போன வருஷம் எங்கள் தபால்காரர் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி நடக்கப் பழக்குகிற மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? ஆராய்ச்சிக்கூடத்தில் குழைத்து வைத்திருந்த ஏதோ ஒன்றை முழங்கால் உறைக்குள் அடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மெதுவாக மடக்கினால் அது பிசைந்த மாவு மாதிரி வளைந்து கொடுக்கும். வெடுக்கென்று மடக்கினால் கல்லாக இறுகிவிடும். சும்மா விட்டால் மறுபடி இளகும். கால் தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க இந்த ஏற்பாடு. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் யார் காலில் மாட்டினார்? ஆயுசு முழுக்க ஓட்டமும் நடையுமாகத் தபால் கொடுத்த மனிதர் காலில்!

அவர் தும்மினால் உறை இறுகும். நர்ஸ் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தால் இறுகும். சாப்பாட்டு வண்டியின் சத்தம் கேட்டு ஆசையோடு எழுந்தால், ஒரு கால் முன்னே நீட்டியபடி ரயில்வே கேட் மாதிரி நிற்பார்.

"மாப்பிள்ளை, இது என்னைப் புடிச்சு வச்சுக்குது."

"உறை சரியாத்தான் வேலை செய்யுது மாமா. நீங்கதான் வேகம்."

"சிரிச்சேன், அவ்வளவுதான்."

"மெதுவாச் சிரிங்க."

மையத்து டாக்டரம்மாவும் இதே ரகம்தான், துறைதான் வேறு. "என் பயிற்சியில குறையே கிடையாது. கணக்குப்படி இவர் போன வாரமே படி ஏறியிருக்கணும்" என்பார். இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். "உங்க உறைதான் காரணம்" என்று அவர், "உங்க பயிற்சிதான் காரணம்" என்று இவர், நடுவில் உட்கார்ந்திருக்கிற நோயாளியின் தலைக்கு மேலாக வாதாடி வாதாடி, கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். முழங்கால்தான் சரியில்லை.

தபால்காரருக்கோ இது விளையாட்டில்லை. அவர் வீடு மாடியில். வெள்ளிக்கிழமை மையத்துப் படிக்கட்டில் ஏறிக் காட்டினால் சொந்த வீடு. ஏறாவிட்டால், படியே இல்லாத மாப்பிள்ளை வீட்டில்தான் இனிமேல் வாசம் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அங்கே குறை என்று ஒன்று இருக்கவே முடியாது, பயமே அதுதான். முந்தின நாள் தபால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போனா, நான் உட்கார்ந்தாலும் அளப்பாரு, எழுந்தாலும் அளப்பாருடா. எப்படியாவது என் வீட்டுக்குப் போயிடணும்."

கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை படிக்கட்டின் அடியில் கூடினோம். தபால்காரர் கைப்பிடியைப் பிடித்தார், படக்கென்று முதல் படியில் காலை வைத்தார். இறுகியது. இளகும்வரை நின்று, மறுபடி வைத்தார். மறுபடி இறுகியது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நகருங்க மாமா, நான் காட்டுறேன்" என்று மாப்பிள்ளை உறையைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டார். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஏற ஆரம்பித்தார். எப்படி ஏறினார்? தலையில் கண்ணாடி ஜாடி சுமக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு விளக்கவுரையோடு. "பாருங்க, வளையுது. பாருங்க, குழையுது." பாதிப் படி போயிருப்பார். கீழே பையில் போன் அடித்தது.

"ஐயோ, உலை!" என்றார். ஆராய்ச்சிக்கூடத்தில் எதையோ உலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். சூடு எல்லை மீறினால் போன் வருமாம். வெடுக்கென்று திரும்பினார். அவ்வளவுதான். கால் விறைத்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து நின்றது. உதறினார். உதற உதற இன்னும் இறுகியது. "போன்! யாராவது அந்தப் போனை எடுங்க!" என்று கத்தினார்.

இங்கேதான் பாருங்கள். தபால்காரர் பையிலிருந்து போனை எடுத்தார். கைக்கு வந்ததை உரியவரிடம் சேர்க்காமல் நிற்கத் தெரியாத மனிதர். ஒரு கையில் போன், இன்னொரு கை கைப்பிடியில், இதோ ஏறிக்கொண்டிருக்கிறார்! நடக்கப் பழக்குகிற பிசியோதெரபி பெண், உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கிவிட்டு, இரண்டு கையையும் விரித்தபடி ஓசைப்படாமல் அவர் பின்னாலேயே போனாள். தான் ஏறுவது அவருக்குத் தெரியவே இல்லை. "ஆடாம நில்லுங்க மாப்பிள்ளை, ஆட ஆடத்தான் இறுக்கும்" என்று புத்தி சொல்லிக்கொண்டே போய், போனைக் கையில் கொடுத்தார்.

உலை இல்லை. மனைவி. அவள் குரல் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் போனை நம்பிப் பேசுகிறவர்கள் இல்லை.

"என்னங்க, அப்பா படி ஏறிட்டாரா?"

தபால்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கீழே நிற்கிற எங்களைப் பார்த்தார். "ஏறிட்டேம்மா" என்றார். அதற்குள் டாக்டரம்மா, "பார்த்தீங்களா என் பயிற்சியை!" என்று கைதட்டினார்.

மாப்பிள்ளை? கம்பிக்குள் மாட்டிய காலோடு நின்றபடியே யோசனையில் ஆழ்ந்தார். முகம் மலர்ந்தது.

"இந்த உறையோட சக்தி எனக்கே இப்பத்தான் புரியுது. வேற ஒருத்தர் போட்டுக்கிட்டாலே நோயாளி நடக்கிறார்!"

அடுத்த கட்டமாக நோயாளிகளின் உறவினர்களுக்கு உறையை மாட்டிப் பார்க்கப் போகிறாராம். சொல்லிக்கொண்டே என் முழங்காலைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். தபால்காரர் அன்று மாலையே தன் மாடிக்குப் போய், கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார் என்று கேள்வி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், இடுப்பு வலி என்று சொன்ன ஒருவருக்கு நீங்கள் ஒரு எண்ணெய் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "தடவிப் பார்த்தேன், குறையல" என்று அவர் வந்து நின்றபோது, நீங்கள் எண்ணெயைப் பார்த்தீர்களா, அவரைப் பார்த்தீர்களா? பதில் எனக்கு வேண்டாம். உங்களைத் தூரத்தில் கண்டாலே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேறு தெருவில் திரும்பிவிடுகிறாரே, அவரையே கேட்டுக்கொள்கிறேன்.