நோகாத நெஞ்சுக்குக் குளிசை

மருமகனின் காற்சட்டை எப்படியோ இடுப்பு வரை ஏறிவிட்டது. பொத்தான்தான் பூட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. கதிர்காமு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூட்டினார்.

"கிளினிக்குக்குப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்றாள் மனைவி பூமணி.

"கதையாதை. உன்ர மூக்குக்கண்ணாடியைக் கொண்டா."

விசயம் இதுதான். தைப்பொங்கலுக்கு முன்னர் டொக்டர் அவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். "நெஞ்சு நோகேல்லையே டொக்டர், பிறகேன்?" என்று கேட்டதற்கு, "அப்பு, அதெல்லாம் உங்களுக்கு விளங்காது. ராவில ஒண்டு போடுங்கோ. அடுத்த ஆள்!" என்று பதில் வந்தது. நோகாத நெஞ்சுக்கு மருந்தாம்! கதிர்காமு இரண்டு நாள் போட்டுவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் போன மாதம், ஒரு நோவும் சொல்லாத அவருடைய அண்ணர் கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலடியில் மண்வெட்டியோடு சரிந்தவர், எழும்பவேயில்லை. அன்று பிடித்த பயம். சோறு இறங்கவில்லை. குளிசையைப் போடுவதா, விடுவதா?

கண்ணாடிக்காரர்களை மட்டும் டொக்டர் கதிரையில் இருத்திச் சிரித்துச் சிரித்துக் கதைப்பதை அவர் கதவிடுக்கால் கண்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு வயலில் இறங்கியவனுக்கு ஒருநாள் மட்டும் படிப்பு வந்தால் யாருக்கு என்ன நட்டம்?

வந்தது. பூமணியின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் நிலம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. சேற்று வயலில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து டொக்டரின் அறைக்குள் போனார்.

"வாங்கோ, இருங்கோ. மாஸ்டரோ?"

"ஓம்" என்றது வாய். பாழாய்ப் போன வாய்.

"என்ன பாடம்?"

"விவசாயம்."

இதில் பாதியாவது உண்மை என்று கதிர்காமு தன்னைத் தேற்றிக்கொண்டார். டொக்டருக்கோ சந்தோசத்தில் ஒரே புளுகம். தன் மகனின் புலமைப்பரிசில் சோதனை, ரியூசன் என்று அளக்கத் தொடங்கிவிட்டார்.

"மாஸ்டர், பிள்ளையை எப்பிடி முன்னுக்குக் கொண்டுவாறது?"

"நேரத்துக்குப் பசளை போடவேணும். களையைப் பிடுங்கவேணும்."

"ஹா! மாஸ்டரின்ர பகிடி!"

இதுதான் சமயம் என்று கதிர்காமு தொண்டையைச் செருமினார். "டொக்டர், இந்தக் கொழுப்புக் குளிசை... நோகாத நெஞ்சுக்கு ஏன்..."

"அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவேணுமோ? படிச்ச ஆக்கள், எல்லாம் தெரியும்தானே! ஒரு உதவி செய்யுங்கோ மாஸ்டர். வெளியில இருக்கிற சனத்துக்கு நீங்களே விளங்கப்படுத்திவிடுங்கோ. நான் சொன்னாக் கேக்குதுகள் இல்லை."

அட தலைவிதியே! படிக்காதவன் என்றாலும் சொல்லமாட்டாராம், படித்தவன் என்றாலும் சொல்லமாட்டாராம். உனக்கு வேணும், நல்லாய் வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

டொக்டர் சொன்னதைக் கேட்டு நின்ற நர்ஸ் அதற்குள் கையைத் தட்டிவிட்டாள். "எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கோ. மாஸ்டர் குளிசையைப் பற்றிச் சொல்லப்போறார்."

சனம் இருந்த வாங்கு முழுக்க முகங்கள். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாய் போட்ட ஒருவர் முதல் ஆளாய் எழும்பினார்.

"ஐயா, நான் எழுத்து வாசிப்புத் தெரியாத மனிசன். நெஞ்சு நோகேல்லை. பிறகேன் இந்தக் குளிசை? நிப்பாட்டினா என்ன நடக்கும்?"

கதிர்காமுவின் கேள்வி, ஒரு சொல் பிசகாமல்!

"அது வந்து... கொழுப்பு எண்டால்... கொழுப்புத்தான்."

"ஆருக்குக் கொழுப்பு?"

"எனக்குத்தான்!"

சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் காற்சட்டைப் பொத்தானும் தெறித்தது. கதிர்காமு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தச் சாரக்காரரைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணை, கோவியாதேங்கோ. நான் மாஸ்டரில்லை, வயல் செய்யிற கமக்காரன். படிச்சவன் மாதிரி வந்தாலாவது டொக்டர் விளங்கப்படுத்துவார் எண்டுதான் இந்தக் கோலம். என்ர அண்ணர் ஒரு நோவும் இல்லாமல் செத்துப்போனவர். எனக்குச் சாகப் பயமாய்க் கிடக்கு. கடவுளாணை, உங்கட கேள்விக்கு எனக்கு மறுமொழி தெரியாது."

அந்த மனிதர் துவாயை எடுத்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாசமாப் போச்சு! நான் பென்சன் எடுத்த கணக்கு மாஸ்டர், நவரத்தினம். கண்ணாடியோட வரேக்கயெல்லாம் 'உங்களுக்குத் தெரியும்தானே' எண்டு அனுப்பிப்போடுறார் எண்டுதான், இண்டைக்கு இந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தனான்!"