'மறைந்த' என்ற சொல்லை நான் அடித்தது பற்றி

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு, அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. சித்திக்கு மூட்டுவலி தேவலையா? நீங்கள் சொல்லி வாங்கித் தந்த பல்கலைக்கழகப் பிழைதிருத்துநர் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

இங்கே எதை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு நடைக் கையேடு உண்டு. நூற்றுப் பன்னிரண்டு விதிகள். 'மாண்புமிகு' கூடாது, ஆச்சரியக்குறி கூடாது, ஒரே வாக்கியத்தில் இரண்டு 'மற்றும்' வந்தால் எங்கள் ஆசிரியரம்மாவுக்கு மூச்சு முட்டும். நாற்பதாம் விதி: குடும்பத்தார் கடிதம் கையில் இல்லாமல் யார் பெயருக்கு முன்னும் 'மறைந்த' போடக் கூடாது. திங்கட்கிழமை திருத்துவதற்கு வந்த செய்தி மடலில் 'மறைந்த நூலகர்' என்று வந்தது. கடிதம் இல்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஒருவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். யார் உட்கார்ந்தாலும் கத்துற நாற்காலி, கத்தலை. "பதினாலாம் பக்கம் பார்க்கலாமா தம்பி?"ன்னார். "என் இனிஷியல் தப்பு"ன்னு திருத்தினார். அந்தப் பக்கத்துல நூலகர் போட்டோ, சித்தப்பா! அதே மூக்கு, அதே கண்ணாடி. ஓடிப்போய் ஆசிரியரம்மாகிட்ட சொன்னா, தலையைக்கூட நிமிர்த்தலை. "விதிப்படி அவர் உயிரோட இருக்கார். ஃபேனைப் போடு"ங்கறாங்க. போட்டேன். காகிதமெல்லாம் பறந்துச்சு, அவர் முடி ஒண்ணுகூட அசையலை.

அன்னிக்குச் சாயங்காலம் அவர் மனைவி போன். "வீட்டுக்கு வந்துட்டார் தம்பி. செருப்பு வாசல்ல இருக்கு. அந்த வார்த்தையைத் திருப்பிப் போட்டுடாதீங்க"ன்னு அழறாங்க. இன்னிக்கு வியாழக்கிழமை, மதியம் பார்த்தா அவங்க மகனோட கடிதம் வந்து நிக்குது: 'மறைந்த' போட்டுக்கலாம்னு. நாலு மணிக்கு அச்சகத்துக்காரர் வருவார். போட்டா அந்தம்மா கதி? போடலைன்னா என் வேலை? கடைசியில கடிதத்தை மடிச்சு சட்டைப்பைக்குள்ள வெச்சுட்டேன். வேலை போனா போகட்டும், நீங்க மட்டும் திட்டாதீங்க.

சித்திக்கு என் வணக்கம், தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் ஆசி இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

பி.கு.: மூணே முக்காலுக்கு அந்தம்மா மறுபடி போன். "சமையல் டப்பாவையெல்லாம் அகரவரிசையில அடுக்கிட்டார். வாயைத் திறந்தா சத்தம் போடாதேங்கறார். அந்த வார்த்தையைப் போட்டுடுங்க தம்பி." பேனாவை எடுத்தேன். எதிர் நாற்காலியில அவர். எப்ப வந்தார்னு தெரியாது. "சீக்கிரம் போடுங்க தம்பி. ரெண்டு நாளா வீட்டுல ஒரு பக்கம் படிக்க விடலை"ங்கறார். போட்டுட்டேன், சித்தப்பா. நிமிர்ந்து பார்க்கத்தான் இன்னும் தைரியம் வரலை.