செக்-அவுட் மறுத்த காதை

வியர்வைத் திருவே, வாழி. மழைக்காலத்து விடியலிலும் முகம் கழுவி, கழுவிய முகத்தை நோட்டால் விசிறி, விசிறிய கை ஓயுமுன் "அப்பா, என்ன புழுக்கம்" என்று உலகுக்கு அறிவிக்கும் பெருந்தகையே, அந்த ஒற்றைச் சொல்லையே விருதாகப் பெற்று விடுதியெங்கும் புழுக்கம் என்றே புகழப்படும் நாயகியே, வாழி. முச்சிறகிருந்தும் ஒரு முழமும் பறந்தறியாமல், விட்டத்தில் தொங்கியபடியே வினைமுடிக்கும் மின்விசிறித் தாயே, நீயும் வாழி. உன்னால் விளைந்த பெரும்போரைப் பாடப் புகுந்தேன், பாதியில் நின்றுவிடாதே. இருபத்தாறே எழுத்தால் படைதிரட்டி எங்கள் நாவையெல்லாம் முற்றுகையிட்டிருக்கும் ஆங்கிலமே, உனக்கும் ஒரு கும்பிடு. மூன்று பேருக்கும் சொல்லியாச்சு, இனி கதைக்கு வருவோம்.

ஒரு தாய் வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும், நான்கு மாத இடைவெளியில் ஆளுக்கொரு பெண்மகவை ஈன்றனர். அக்கா ஈன்றது நம் புழுக்கத்தை. தங்கை ஈன்றதோ, கொளுத்தும் கோடையிலும் தலைமுதல் கால்வரை இழுத்துமூடி, மூக்குநுனியை மட்டும் காற்றுக்குக் காட்டி உறங்கும் குளிரஞ்சும் செல்வியை. ஆதலின் அவள் பெயர் போர்வை. ஒரே தட்டில் உண்டு, ஒரே சைக்கிளில் விழுந்து, ஒரே நாளில் அம்மை கண்டு வளர்ந்த இவ்விருவரையும், "ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்" என்ற ராஜதந்திரத்தால் தாய்மார் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில், மூன்றாம் மாடியில் ஒரே அறையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். புழுக்கம் தன் நான்கு மாத மூப்பை நான்கு யுகமாகக் கருதி, தன்னை அக்கா என்று அழைக்க வேண்டுமென ஆணையிட்டிருந்தாள். போர்வையோ, தன் துணியையும் சேர்த்துத் துவைக்கச் சொல்லும் நாளில் மட்டும் அந்தப் பட்டத்தை வழங்கி, மறுநாளே திரும்ப வாங்கிக்கொள்வாள். எல்லாம் யோசித்த தாய்மார், அறைக்கு ஒரு ஃபேன்தான் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

போர் மூண்ட காரணம் கேளீர். கதவோரச் சுவரில், ஒன்றுமுதல் ஐந்துவரை எண்கள் சூழ, நடுவே கருங்குமிழ் துலங்க வீற்றிருந்தது ரெகுலேட்டர். ஐந்தில் வைத்தால் புழுக்கம் உறங்குவாள், போர்வை தும்முவாள். ஒன்றில் வைத்தால் போர்வை உறங்குவாள், புழுக்கம் புரளுவாள். விளக்கணைந்தபின் ஒருத்தி எழுந்து திருகுவதும், அவள் குறட்டை கேட்டதும் மற்றவள் எழுந்து திருப்புவதுமாக, அந்தக் குமிழ் பட்ட பாட்டை இரண்டு மாமியாரிடம் மாட்டிய மருமகளும் பட்டிருக்க மாட்டாள். முடிவில், பகைவரின் ஆநிரை கவர்ந்து போரைத் தொடங்கும் பண்டை மரபு பிறழாமல், போர்வை அந்தக் குமிழையே பிடுங்கித் தன் தலையணைக்கடியில் சிறைவைத்துப் படுத்துவிட்டாள். கண்விழித்த புழுக்கம் ஹேர்பின்னால் மொட்டைத் தண்டைத் திருக முயன்று, நகமுடைந்து, விளக்கைப் போட்டாள். அதன்பின் அங்கே பேசப்பட்டவை காவியத்துக்கு ஆகாதவை.

"இனி உன்கூட ஒரு வார்த்தை பேசினா என் பேரை மாத்திக்கறேன்" என்று வஞ்சினம் கூறினாள் புழுக்கம். அவள் பேரை விடுதி எப்போதோ மாற்றிவிட்டது என்பது அந்த ஆவேசத்தில் அவளுக்கு நினைவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று எதிர்வஞ்சினம் கூறிப் போர்வைக்குள் புகுந்தாள் போர்வை. அன்றுதொட்டு அந்த அறையில் பேச்சு அற்றது. சுவரோடு பேசுவது மட்டும் நடந்தது. "சில பேருக்கு வாளியை நடுவழியில வெச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்" என்று ஒருத்தி சுவரிடம் முறையிட, "சில பேர் வாயை மூடினாலே பாதிப் புழுக்கம் குறையும்" என்று மற்றவள் ஜன்னலிடம் விடையிறுப்பாள். சுவரும் ஜன்னலும் கேட்டுக்கொண்டதோடு சரி, சமாதானம் பேச முன்வரவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அளவு அதேதான். புழுக்கம் வார்டனம்மாவிடம் சென்று, வேறு அறை தரவேண்டும் என்று முழங்கிவிட்டு வந்தாள். வார்டனம்மா வழக்கம்போல் "பார்க்கலாம்" என்பார், வழக்கம்போல் மறந்துபோவார், அதற்குள் போர்வை இறங்கிவருவாள் என்பது அவள் வகுத்த வியூகம். விதியோ வேறு வியூகம் வகுத்தது. கீழ்த்தளத்தில் ஒரு கட்டில் காலியாகி, "நாளைக்குச் சாயந்தரம் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடு" என்று உத்தரவும் ஆயிற்று. தானே கேட்டு வாங்கியதைத் தானே வேண்டாமென்று சொல்ல மானம் இடங்கொடுக்காமல், பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள் நாயகி. செய்தி போர்வையின் செவிக்கும் எட்டியது. "போகாதேடி" என்று சொல்ல அவளுக்கு நெஞ்சு துடித்தது. ஆனால் முதலில் பேசுகிறவள் தோற்றவள் அல்லவா. போர்வைக்குள் முடங்கி, சளி பிடித்தவள்போல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

மறுநாள் காலை ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. அது நிகழும் லேங்குவேஜ் லேப் என்னும் பாசறையை நீங்கள் அறியவேண்டும். பலகைத் தடுப்புகளுக்குள் தனித்தனி இருக்கை, இருக்கைதோறும் தலையணியும் ஹெட்ஃபோன், ஹெட்ஃபோன்தோறும் பாம்பெனச் சுருண்ட வயர், அவ்வயர்கள் அனைத்தும் சென்றுசேரும் மேடைமேல் எவர் காதிலும் நுழைந்து எவர் பேச்சையும் கேட்கவல்ல ஆங்கில மிஸ். அங்கே தமிழ்ச்சொல் ஒன்று தவறி விழுந்தாலும் தண்டனை உண்டு. மிஸ் விரல்சுட்டும் பொருளைப் பற்றி எல்லார் முன்னும் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும். டஸ்டரைப் பற்றிப் பேசப் பணிக்கப்பட்ட ஒருத்தி, "டஸ்டர் இஸ் குட், டஸ்டர் இஸ் வெரி குட்" என்று அதன் கீர்த்தியைத் திரும்பத் திரும்பப் பாடி, பாட்டு முடியுமுன் அழுதுவிட்டாள். அன்றுமுதல் அவ்வறையில் தாகமெடுத்தவள் தண்ணீர் கேட்பதில்லை, விக்கலெடுத்தவள் விக்குவதுமில்லை. புழுக்கத்தின் தலைக்கு நேர் மேலே ஜன்னலொன்று ஆண்டு முழுதும் சாத்தியே கிடந்தது. அதைத் திறக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் அவள் ஆண்டு முழுதும் வெந்தாள். புழுக்கத்துக்கே புழுக்கம் என்று சொல்ல வாயில்லாத அறை அது.

தேர்வின் நெறி இது: இருவர் இருவராக முதுகுக்கு முதுகு அமர்ந்து, ஒருத்தி ஹோட்டலில் தங்கிய விருந்தாளியாகவும் மற்றவள் ரிசப்ஷனிஸ்டாகவும் தொலைபேசியில் உரையாடவேண்டும். விருந்தாளி வெந்நீர் வரவில்லை என்று குறைகூற, ரிசப்ஷனிஸ்ட் வருத்தம் தெரிவிக்க, விருந்தாளி அறையைக் காலிசெய்து விடைபெற, ரிசப்ஷனிஸ்ட் நன்றிகூறி மீண்டும் வருக என வழியனுப்பவேண்டும். மணியடிக்கும்வரை பேச்சு நிற்கலாகாது. நின்றால் இருவரும் ஃபெயில், விடுமுறையில் வந்து மறுபடி பேசவேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதை வருகைப் பதிவின் வரிசை தீர்மானித்தது. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாகப் பார்த்துப் பார்த்து வைத்த தாய்மாரின் பாசம், இருவரையும் முதுகுக்கு முதுகு உட்காரவைத்தது.

வஞ்சினம் என்னாவது என்று சான்றோர் வினவலாம். வஞ்சினம் உரைத்தது தமிழில். ஆதலின் அது தமிழையே கட்டும், ஆங்கிலத்தைக் கட்டாது. மேலும் ஆங்கிலத்தில் பேசுவது பேச்சே அன்று, பரீட்சை. இவ்வாறு தன் மனத்துக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, புழுக்கம் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

மணி ஒலித்தது. "குட் மார்னிங், மேடம். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்றது காதில் ஒரு குரல். பிறந்தநாள்தொட்டு போர்வை இத்தனை மரியாதையாக அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்த மரியாதை தாக்கிய வேகத்தில், இராப்பகலாக உருப்போட்ட வெந்நீர்க் குறை நாயகியின் நினைவிலிருந்து புறமுதுகிட்டு ஓட, நெஞ்சில் எஞ்சியிருந்த ஒரே குறை நாவில் ஏறியது.

"ஃபேன்" என்றாள். "மை ரூம், ஃபேன் ப்ராப்ளம்."

வெந்நீருக்கு மட்டுமே விடை பயின்றிருந்த ரிசப்ஷனிஸ்ட் திகைத்தாள். மேடைமேல் மிஸ்ஸின் பேனா எழுந்தது. அது தாளில் இறங்குமுன் வாளெனப் பாய்ந்தது வினா: "வாட் ஸ்பீட், மேடம்?"

"ஃபைவ்."

"ஃபைவ் வெரி கோல்ட், மேடம். அதர் கெஸ்ட் சிக்."

"அதர் கெஸ்ட் ஹேஸ் பிளாங்கெட்."

"பிளாங்கெட் இஸ் தின், மேடம்."

"யுவர் ஹோட்டல் ஸ்டாஃப், தீஃப்" என்று நாயகி தன் ஈட்டியைக் கடைசியாக எறிந்தாள்.

ஆங்கிலம் இருவரிடமும் கையளவே இருந்தது. தமிழில் என்றால் இந்நேரம் அம்மாக்களையும் இழுத்து, மூன்றாம் வகுப்பில் தொலைந்த பென்சில் பெட்டிவரை போயிருப்பார்கள். அந்தக் கையளவில் குத்திக்காட்டச் சொல் இல்லை, ஜாடை பேச வழியில்லை, பழசைக் கிளற இறந்தகாலம் சரியாக வராது. எனவே போர்வையிடம் எஞ்சியது மனப்பாடம் செய்த ஒரே அஸ்திரம். "ஐ ஆம் வெரி சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ், மேடம்" என்றாள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டை தீர்ந்ததற்கு அடையாளம், முகத்தைப் பாராமல் "சாப்டியா" என்று கேட்பது ஒன்றே. ஒப்பித்து ஒப்பித்து உப்புச்சப்பற்றுப் போயிருந்த அந்த வாக்கியம் இந்த முறை அழுகையில் நனைந்து வந்ததைப் புழுக்கம் கேட்டாள். கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டியது.

அழுதால் பேச்சு நிற்கும், நின்றால் ஃபெயில். தடுமாறிய நாயகி, உருப்போட்டதில் மிச்சமிருந்த வரியைப் பற்றிக்கொண்டாள்: "டுடே ஈவ்னிங், ஐ செக் அவுட்." அறையைக் காலிசெய்வது ஹோட்டலில் மட்டுமா, மூன்றாம் மாடியிலுமா என்று இருவருக்கும் தெரியும். போர்வை இனிச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. நன்றி, மீண்டும் வருக. சொன்னால் இருவரும் பாஸ்.

"நோ" என்றாள் போர்வை. "நோ செக் அவுட், மேடம்."

"வொய்?"

"செக் அவுட் க்ளோஸ்ட்."

அப்போது இருவர் காதிலும் அசரீரி எழுந்தது. மிஸ்தான். ரிசப்ஷனிஸ்ட் ஆனவள் விருந்தாளியைத் தடுக்கலாகாது, விடைகொடுத்து அனுப்புக என்று ஆங்கிலத்தில் அது ஆணையிட்டது. வகுப்பில் அதுவரை "யெஸ் மிஸ்" தவிர வேறொன்றும் மொழிந்தறியாத போர்வை, பரீட்சையும் மதிப்பெண்ணும் பாழாய்ப் போகட்டும் என்று அசரீரியையே எதிர்த்து நின்றாள்.

"சாரி, மிஸ். ஷீ ஹேஸ் நோ அதர் ஹோட்டல்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "ஐ ஆல்சோ, நோ அதர் கெஸ்ட். ஃபேன் யூ கீப் ஃபைவ். ஐ வேர் ஸ்வெட்டர். டோன்ட் கோ, அக்கா."

விழுந்துவிட்டது தமிழ்ச்சொல். துணி துவைக்கும் காரியம் எதுவுமில்லாமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் அக்கா அது. மேசை, நாற்காலி, டஸ்டர், எதைச் சுட்டப்போகிறதோ அந்த விரல் என்று புழுக்கம் நடுங்கினாள். மிஸ் ஹெட்ஃபோனைக் கழற்றினார். காதில் எதுவும் சரியாக விழாதவர்போல் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயரில் ஒரு கோளாறும் இல்லை. எழுந்து வந்து, புழுக்கத்தின் தலைக்குமேல் இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

"த்ரீ" என்றாள் புழுக்கம். "ஃபேன் த்ரீ ஓகே. நோ ஸ்வெட்டர்."

மணியடித்தது. இவ்வளவு மோசமான ரிசப்ஷனிஸ்டைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று சபையறிய ஆங்கிலத்தில் கூறி, இருவருக்கும் பாஸ் போட்டார் மிஸ்.

வெளியே வந்தபின்னும் வஞ்சினம் உயிரோடிருந்ததால், இருவரும் ஆங்கிலத்திலேயே நடந்தார்கள். "டுடே ஹாட்" என்றாள் ஒருத்தி. "யெஸ், ஹாட்" என்றாள் மற்றவள். மூன்று மாடி ஏறுவதற்குள் இருவரிடமும் இருந்த ஆங்கிலம் தீர்ந்துவிட்டது.

போர்வை கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "சாப்டியா?"

"இல்ல. நீ?"

"இல்ல." பிறகு மெல்ல, "என்னவோ பேரை மாத்திக்கறேன்னு சொன்னியே?"

"மாத்திக்கறேன். இனிமே அக்கான்னே கூப்பிடு."

வார்டனம்மாவிடம் இருவருமாகவே போனார்கள். "வேணும்னு கேக்கற, கொடுத்தா வேண்டாங்கற, இதென்ன விளையாட்டா?" என்று அவர் தொடுத்த சொல்லம்புகளையெல்லாம் புழுக்கம் தலைகுனிந்து ஏற்றாள், பக்கத்தில் நின்ற போர்வை நடுநடுவே தும்மினாள். கீழ்த்தளத்துக் கட்டில் வேறொருத்திக்குப் போயிற்று.

பொழுது சாய்ந்தது. பகை தணிந்து, பெட்டி மீண்டும் கட்டிலடி புகுந்து, தலையணைச் சிறையின் இருளினின்றும் விடுபட்ட கருங்குமிழைப் போர்வை இரு கையாலும் ஏந்திவர, புழுக்கம் எதிர்கொண்டு பெற்று, துப்பட்டா நுனியால் துடைத்து, மொட்டைத் தண்டின்மேல் முடிசூட்டுவதுபோல் பொருத்தி, ஐந்தையும் நோக்காமல், ஒன்றையும் நோக்காமல், இரு நாட்டு எல்லையும் இனி இதுவே என்று இருவர் விரலும் சேர்ந்து மூன்றில் திருப்பி நிறுத்த, முச்சிறகுத் தாயின் அருள்மாரியை அண்ணாந்து எதிர்நோக்கி, நாயகி சுவிட்சைத் தட்டினாள்.

கரண்ட் இல்லை, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தூங்கிட்டாங்க.