பகலில் மட்டும் சரியாகும் ரேடியோ

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, விடியுமுன் நான் பினாங்கை விட்டுப் புறப்பட்டேன். பினாங்கை விட்டு என்பது கொஞ்சம் மிகை. டத்தோ கிராமாட் சாலையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அடுத்த பெட்ரோல் நிலையம் வரை புறப்பட்டேன். அங்கே என் மாமா மோகனராஜ் பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு ரேடியோவைக் கழற்றத் தொடங்கினார்.

'கடைக்குக் கொடுக்காதவர்' என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். மின்விசிறி முனகினாலும், குழாய் ஒழுகினாலும், கைப்பேசி கொதித்தாலும் இவர் முதலில் சொல்வது, "சின்ன கோளாறுதான்." அடுத்துச் சொல்வது, "கடைக்காரன் ஏமாத்திருவான்." மூன்றாவதாக எதுவும் சொல்லமாட்டார். வாயில் திருகாணி இருக்கும்.

மாமாவின் பிக்கப்புக்கு வயது இருபது. ரேடியோ நன்றாகப் பாடும். வார நாட்களில் அவர் வண்டி எடுக்கும் இருட்டு வேளையில் அதன் டிஸ்ப்ளேதான் இருண்டு கிடக்கும். ஞாயிறுதோறும் நடுப்பகலில், வாசலில் பாயை விரித்து, ரேடியோவை உருவி, பழைய பல்துலக்கியால் வயர் நுனிகளைத் தேய்த்து, யூடியூபில் யாரோ ஓர் இந்தோனேசியர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, மறுபடி மாட்டினாரென்றால், டிஸ்ப்ளே பச்சையாகப் பளிச்சிடும். தன் மனைவி ருக்குமணி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுவார். மாலையில் முன்விளக்கைப் போட்டதும் அது இருண்டுவிடும். "திரும்ப லூசாயிருச்சு லா" என்பார். அடுத்த ஞாயிறும் வரும். கழற்றுமுன் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்கிறீர்களா? அந்த வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

"மாமா, பட்டர்வொர்த்துல ஆறரைக்கு ட்ரெயின். அதை விட்டா கேஎல்ல ஃப்ளைட்டும் போயிரும்!"

"அதுக்குத்தான் பார்க்கறேன். டிஸ்ப்ளே இல்லாம மணி எப்படித் தெரியும்? ரெண்டே நிமிசம்."

"என் போன்ல மணி இருக்கு மாமா!"

"போனை நம்பாத. இந்த டார்ச்சைப் பிடி."

பிடித்தேன். ரயில் போய்விட்டது.

மாமா வெட்கப்பட்டாரா? "கேஎல் என்னா பெரிய தூரம்? நானே கொண்டு போய் விடுறேன், ஏறு" என்றார். பாலத்தைத் தாண்டி, கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் அந்தக் கிழட்டு வண்டியை விரட்டினார். விமானம் பதினொன்றரைக்கு. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தைப்பிங் தாண்டியதும் விடிந்தது. முன்விளக்கை அணைத்தார். டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா! சரி பண்ணிட்டேன்ல!"

வயரைப் பிடுங்கிப் போட்டதால் கடிகாரம் மறுபடி ஒரு மணியிலிருந்து ஓடியிருந்தது. அதில் மணி இரண்டு பத்து.

"மணி தப்பு, மாமா."

"தெரியுதுல்ல? அதுதான் முக்கியம்."

விமானத்தின் கதவு மூடப் போகும் நேரத்தில் ஏறினேன். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். போன இடமெல்லாம் இந்த இனம் இருந்தது. காட்மாண்டு விடுதியொன்றில் வெந்நீர்க் கெட்டிலை ஒன்பது துண்டாக்கிவிட்டு, பத்தாவது துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். போன மாதம் வீடு திரும்பியதும் அம்மாவின் மிக்சியைக் கழற்றினேன். கவலை வேண்டாம், சின்ன கோளாறுதான்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்குமே, அதை எடுத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள். எதிலிருந்து கழன்றதென்று தெரியாத திருகாணிகள் பேசுகின்றனவா? எறிந்துவிடலாமே. மனம் வரவில்லை, இல்லையா?

நேற்று அத்தையிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது:

"வண்டியில டேஷ்போர்டைத் தொடைச்சேம்மா. ஓரத்துல சின்னதா ஒரு சக்கரம், துணி பட்டு உருண்டுருச்சு. முன்லைட்டு போட்டா டிஸ்ப்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரமாம், இத்தனை நாளும் அடியோட குறைஞ்சு கிடந்திருக்கு. இப்ப முன்லைட்டு போட்டாலும் டிஸ்ப்ளே ஜம்முனு தெரியுது. மாமாகிட்ட சொல்லிறாத. தானே சரி பண்ணிட்டேன்னு காலையிலேர்ந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிட்டு இருக்காரு."