சிப்பாய் சாமியின் சிவப்புத் தண்ணீர்

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களில் பாதிக் கூட்டம் கொஞ்ச நாளாகச் செஞ்சியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கையில் தேங்காய் இல்லை, பாட்டில். பாட்டிலில் சிறுநீர். உடம்புக்குள் எதிர்ப்புச் சக்திச் சிப்பாய்கள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிற சிப்பாய் சாமி, கோட்டைக்கு எதிரே கொட்டகை போட்டிருந்தார். ராஜகிரிக் கோட்டையில்கூட இத்தனை சிப்பாய்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

வரிசையில் பச்சைமுத்துவும் மனைவி மீனம்பாளோடு நின்றார். மூத்திரப்பையில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். புதுச்சேரியில் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை, ஆறு வாரம், பைக்குள்ளேயே மருந்து ஏற்றச் சொன்னார்கள். இரண்டு ஏற்றியாயிற்று. எரிச்சலில் உயிர் போனது.

"இது உங்க எதிர்ப்புச் சக்தியை உசுப்பி விடுற மருந்து. நெறைய பேருக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்குமான்னு ரத்தத்தைப் பாத்து உறுதியாச் சொல்ல இன்னும் வழி வரல" என்றிருந்தார் டாக்டரம்மா.

இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்லலாமா? பச்சைமுத்துவுக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்றாவது வாரம் புதுச்சேரி பஸ் ஏறாமல் இங்கே வந்துவிட்டார்.

சாமி சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். மஞ்சள்தூள் போட்டு விரலால் கலக்கினார். ரத்தச் சிவப்பு.

"சிப்பாய் அத்தினி பேரும் செத்துட்டான். ஆஸ்பத்திரி மருந்துதான் கொன்னுது. அத்த நிறுத்து. என் லேகியத்த சாப்புடு."

மீனம்பாள் டம்ளரையே பார்த்தாள். மகள் கல்யாணத்தில் அவள் கரைத்த ஆரத்தியும் இதே நிறம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும்.

வெளியே போய் ஒரு பாட்டிலோடு திரும்பினாள். "என்னுதையும் பாருங்க சாமி."

மஞ்சள்தூள். விரல். சிவப்பு.

"உனக்கும் அதே வியாதிதாம்மா."

"இது டீக்கடை டிரம்முத் தண்ணி சாமி. டிரம்முக்கு ஏது மூத்திரப்பை?"

கூட்டம் சிரித்தது. மீதித் தண்ணீரை வேறு டம்ளரில் ஊற்றி, மஞ்சள்தூள் போட்டு, அவளே ஸ்பூனால் கலக்கினாள். மஞ்சளாகவே நின்றது.

"இப்ப உங்க விரல வுடுங்க."

சாமி கையை அக்குளில் செருகிக்கொண்டார். வரிசையில் பின்னால் பாட்டிலோடு நின்ற தைலம்மாள் என்பவள் அதைப் பிடித்து இழுத்தாள். நகக்கண் எல்லாம் சுண்ணாம்பு.

"நாலு வெத்தலைக்கு ஆவும்போல இருக்குதே" என்றாள்.

லேகியம் வாங்கியவர்கள் சட்டையைப் பிடிப்பதற்குள் சாமி கொட்டகையின் பின்பக்கமாக ஓடிவிட்டார்.

மறுநாளே பச்சைமுத்து புதுச்சேரி போய், திட்டு வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஆறு வாரத்தையும் முடித்தார். பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "இப்போதைக்குக் கட்டி இல்ல. திரும்ப வராதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். இந்த முறை அந்த 'உறுதியாச் சொல்ல முடியாது' என்ற வார்த்தையில்தான் பச்சைமுத்துவுக்கு நம்பிக்கை வந்தது.

சாமி இப்போது வேறு ஊரில் கொட்டகை போட்டிருக்கிறாராம். பாட்டிலோடு கிளம்புகிறவர்கள் மூளையையும் கூடவே எடுத்துப் போங்கள். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.