நெடுங்கழியின் பெருங்காயப் பெட்டி

கடலும் ஆறும் கலக்கும் இடத்தில் நெடுங்கழி என்றொரு நாடு இருந்தது. ஒரு கரையில் அரண்மனையும் அரிசிக் கிடங்கும். மறுகரையில் உப்பளமும் மீன்துறையும் சனங்களும். நடுவில் ஒரே ஒரு பாலம். ஒரு கோடையில் அந்த நாட்டுக்குள் காய்ச்சல் புகுந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பு சுடுவதற்கு முன்பே மூக்கிலிருந்து மணத்தை எடுத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் வைத்தியர் மரகதம். “காலையில் எழுந்ததும் அவரவர் வீட்டில் எதையாவது முகர்ந்து பாருங்கள். மணம் தெரியாவிட்டால் வெளியே வராதீர்கள்” என்றார்.

அமைச்சர் சட்டநாதருக்கு இது பிடிக்கவில்லை. “காவலர் இல்லை, முத்திரை இல்லை. இதை அரசு நடவடிக்கை என்று எப்படிச் சொல்வது?” என்றார்.

ஆகவே பாலத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. உள்ளே பெருங்காயம். கடப்பவர்கள் அதில் மூக்கை நுழைத்து, என்ன மணம் என்று காவலரிடம் சொல்ல வேண்டும். முதல் நாளிலேயே விடை ஊருக்கெல்லாம் தெரிந்துபோனதால், மணம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் “பெருங்காயம்” என்று சொல்லிக் கடந்தார்கள். பெட்டி மூக்குக்கு மூக்கு மாறியது. கூடவே காய்ச்சலும் மாறியது.

பெட்டிச் சோதனையில் தேறியவர்களின் உள்ளங்கையில் மை முத்திரை குத்தினார்கள். மை தண்ணீரில் கரைந்தது. அதனால் கை கழுவக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. மீன் அறுத்த கையோடு சனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இதற்குள் மரகதம் தடுப்பு மருந்தைத் தயாரித்துவிட்டார். அது வேலை செய்யும் விதத்தை அவர் சபையில் விளக்கியபோது அவர் முகமே மலர்ந்தது. “வீட்டு நாய்க்குத் திருடனின் துண்டை முன்கூட்டியே மோப்பம் காட்டுகிறோம். திருடன் வரும்போது நாய் வாசலிலேயே மறித்துவிடும். உடம்பும் அப்படித்தான். ஆனால் மருந்து ஈரமணலில் புதைத்த பானையில் அமாவாசை வரைதான் தாங்கும்.”

“கட்டாயமாக்கிவிடுவோம்” என்றார் மன்னர் மகுடவர்மன்.

“வேண்டாம் மன்னா. அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும்.”

“பதில் சொல்லும் வழக்கம் இந்த நாட்டில் இல்லையே அம்மா” என்று சட்டநாதர் வருத்தத்தோடு நினைவூட்டினார்.

ஆணை பிறந்தது. ஊசி போடாதவருக்குப் பாலம் இல்லை, அரிசி இல்லை. சட்டம் செய்பவர்களை மட்டும் சட்டம் கட்டுப்படுத்தாது. காவலர்கள் ஈட்டியோடு வீடு வீடாகப் போக, சனங்கள் அலையாத்திக் காட்டுக்குள் ஓடினார்கள். மரகதத்தின் பானைகள் நிறைந்தபடியே இருந்தன. நிலா தேய்ந்துகொண்டு வந்தது.

ஓடியவர்கள் திரும்பி வந்து பாலத்தின் அடியில் உட்கார்ந்தார்கள். கல் எறியவில்லை, காவலரைத் திட்டக்கூட இல்லை. ஒருவருக்கொருவர் எட்டி உட்கார்ந்து, ஆற்றில் நன்றாகக் கை கழுவிக்கொண்டார்கள். அதுவே சட்டமீறல். கூட்டத்துக்குத் தலைவி கருவாட்டுக் கடை ராக்கம்மா.

மரகதம் காவலர் யாரும் இல்லாமல் பானையோடு அங்கே போனார்.

“ஈட்டிக்காரங்களை எங்கம்மா காணோம்? இன்னிக்கு அவங்களுக்கு லீவா?” என்றாள் ராக்கம்மா.

“நான் மட்டும்தான் வந்தேன்.”

“அப்ப உக்காருங்க. இது எதுல செஞ்சது?”

மரகதம் சொன்னார். பால் கொடுப்பவள் போட்டுக்கொள்ளலாமா, போட்ட பிறகு உப்பு அள்ளலாமா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. அவையெல்லாம் நல்ல கேள்விகள். சபையில் ஒருவருக்கும் தோன்றாதவை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, இத்தனை நாளும் தான் ஏங்கியது இவர்களுக்காகத்தான் என்று மரகதத்துக்குப் பட்டது.

“போட்டா காய்ச்சல் வருமா?” என்றார் ஓர் உப்பளக்காரர்.

“ஒரு நாள் உடம்பு வலிக்கும். லேசாகச் சுடும்.”

“அமைச்சரு ஒண்ணுமே ஆகாதுன்னாரே.”

“அவர் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.”

கூட்டம் சிரித்தது. ராக்கம்மா சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். “சட்டம் வேண்டாம்னு நாளைக்கும் இங்கதான் உக்காருவோம். அது வேற. நீங்க குத்துங்க.”

பாலத்தடியிலேயே வேலை நடந்தது. சிலர் மறுத்தார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. சோற்றை மட்டும் தள்ளி வைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் மறுநாள் தாங்களாகவே வந்தார்கள். அரண்மனைக்குப் போன அறிக்கையோ இப்படி இருந்தது: “எதிர்ப்பாளர் கூட்டம் பெருகுகிறது. ஆணைக்குப் பணிந்து ஊசி போட்டவர் எவருமில்லை.” இரண்டும் உண்மைதான்.

மறுகரையில் வரவேற்பு இல்லாமல்போன காய்ச்சல் அரண்மனைக்குள் நுழைந்தது. சட்டநாதர் பாயசத்தை முகர்ந்து பார்த்து, “பெருங்காயம்” என்று அறிவித்துவிட்டுப் படுத்தார். அவரைத் தொடர்ந்து சபையில் பாதிப்பேர் படுத்தார்கள். மன்னருக்கு இன்னும் வரவில்லை. அவர் பயந்துபோயிருந்தார்.

அமாவாசையன்று மரகதம் கடைசிப் பானையோடு அரண்மனை வாசலுக்கு வந்தார். பின்னால் ராக்கம்மாவும் கூட்டமும். காவலர்கள் தடுக்கவில்லை, அவர்களும் இரண்டு நாள் முன்பே பாலத்தடிக்குப் போய்வந்தவர்கள்தான்.

“இது யாருடைய ஆணை?” என்றார் மன்னர்.

“யாருடையதும் இல்லை, மன்னா. நீங்கள் விரும்பினால் போடுகிறேன்.”

மன்னர் சுற்றிலும் பார்த்தார். அவருக்கு ஆணையிட அந்த நாட்டில் யாரும் இல்லை.

“ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க சாமி. நாங்களும் கேட்டுத்தான் போட்டுக்கிட்டோம்” என்றாள் ராக்கம்மா.

மன்னர் மெல்ல, “வலிக்குமா?” என்றார்.

“கொஞ்சம்” என்று கூட்டம் உண்மையைச் சொன்னது.

ஊசி போட்டுக்கொண்ட மன்னருக்குக் கேள்வி கேட்ட அந்த அனுபவம் மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள்: நெடுங்கழியில் இனி ஒவ்வொருவரும் தினமும் பாலத்தில் காவலர் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அரிசி இல்லை.

சனங்கள் மறுபடியும் பாலத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். ராக்கம்மா மட்டும் எழுந்துபோய், காவலர் முன்னால் நின்று, சட்டத்தை முதல் ஆளாக நிறைவேற்றினாள்.

“ஏன்?”