கடப்பாரை அண்ணன் ஓட்டுப் போட்ட கதை

இந்த நாட்டில் தேர்தலை எங்கள் கடப்பாரை அண்ணன் அளவுக்குப் பயபக்தியோடு அனுசரித்த மனுஷன் வேறு யாரும் கிடையாது. சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். வெகுகாலம் வரைக்கும் அவர் ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வர வேண்டிய பேரூராட்சி எங்களுடையது. தொண்ணூறுகளில் அங்கே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். மிச்சப் பாதி பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் குறுவையை நம்பி எவன் உட்கார்ந்திருப்பான்? சாயங்காலமானால் என் பூத்தில் பெண்கள் கூட்டம். கண்ணாடிக் கதவுக்குள் புருஷனோடு பேசி அழுவார்கள், வெளியே வந்து மீட்டரைப் பார்த்து இன்னொரு முறை அழுவார்கள்.

கடப்பாரை அண்ணனுக்கு என் பூத்து பெஞ்சுதான் ஆபீஸ். தொழில் பந்தல் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டத்துக்கும் அவர்தான் கடப்பாரையால் குழி போட்டு மூங்கில் நடுவார். ஆனால் பட்டப்பெயர் பந்தலால் வந்ததில்லை. வாலிபத்தில் அவர் அதே கடப்பாரையோடு கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே இறங்கினார். இறங்கினவர் ஏதாவது சொம்பு, குத்துவிளக்கு என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவருக்கு அண்டாதான் பிடித்தது. ஓட்டை சின்னது, அண்டா பெரிசு. பொழுது விடிந்து கடைக்காரர் வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே ஒருத்தர் அண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மும்முரமாக ஓட்டையைப் பெரிசு பண்ணிக்கொண்டிருந்தாராம். அண்டாவை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கலாமே அண்ணே என்று நான் கேட்டேன். எடுத்த பொருளை எப்படித் தம்பி விட்டுட்டு வர்றது என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்த ஆளைத் திருத்த யாரால் ஆகும்?

ஜெயிலுக்குப் போனார், வந்தார், பந்தல் போட ஆரம்பித்தார், மல்லிகா அக்காவைக் கட்டினார். அதற்கப்புறம் அடுத்தவர் வீட்டு ஆணியைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் போலீஸ் கணக்கில் அவர் பழைய கேடிதான். விடுதலையாகி வந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், கலாட்டா நடக்காமல் இருக்க வேண்டுமென்று முந்தின நாள் சாயங்காலமே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் உள்ளே உட்கார வைத்தார்கள். ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டி கிளம்பின பிறகுதான் விட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு ஜீப்பில் டீசல் இல்லை. நீயே வந்துடுப்பா என்று ஏட்டு சொல்லி அனுப்பினார். இவரும் போனார்.

அவ்வளவுதான், பழக்கமாகிவிட்டது. தேர்தல் அறிவித்தால் மற்றவர்கள் வேட்பாளர் யார் என்று பார்ப்பார்கள். இவர் பாயை வெயிலில் காயப்போடுவார். பள்ளிக்கூடத்தில் வரிசைக்கு மூங்கில் கட்டித் தட்டி வைத்துப் பந்தல் போடுவதும் இவரே. அந்த வேலை முடிந்த கையோடு குளித்து, விபூதி பூசி, பாய், தலையணை, கூஜா சகிதம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். மல்லிகா அக்கா ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக் கொடுக்கும். இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள், ஏட்டுகள் ரிட்டையர் ஆனார்கள், புளிச்சோறு மட்டும் மாறவில்லை. எங்கள் ஊரில் தேர்தலை ஆவலோடு எதிர்பார்த்த ஒரே அரசாங்க அலுவலகம் அந்தப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டுக் கிடையாது என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று எவனும் கேட்கவில்லை. திருடினவனுக்கு எதுக்குய்யா ஓட்டு என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னால் அதுதான் எங்களுக்குச் சட்டம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பழைய மெம்பர் மரம் அறுத்து விற்கிற மரவாடிக்காரர். அவர் உடனே தன் சம்சாரத்தை நிறுத்திவிட்டார். அந்தம்மா பாவம், நாமினேஷன் அன்றைக்குத்தான் வார்டு எங்கே முடிகிறது என்று கேட்டது. எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசி மல்லிகா அக்காவை நிறுத்தினார்கள். அக்கா ஜாக்கெட் தைக்கும். அதனால் எந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டு வாசலில் சாக்கடை தேங்குகிறது, எவன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பவில்லை, எல்லாம் அதற்கு அத்துபடி. சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். அக்காவுக்குக் கிடைத்தது பூட்டு சாவி. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்.

ஊரே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மரவாடிக்காரர் ஆட்டோவில் மைக் கட்டித் தெருவுக்குள் வந்து சொன்னது சிரிக்கிற மாதிரி இல்லை. "கட்டின புருஷனுக்கே ஓட்டு இல்ல. அந்த அம்மாவுக்கு நீங்க எதுக்கு ஓட்டுப் போடணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் அதையே கேட்டார். அன்றைக்கு அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின சாயங்காலம் அக்கா வேகு வேகென்று பூத்துக்கு வந்தது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். புளிச்சோறு கட்ட மாட்டேன் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

"நான் தோத்தாப் பரவாயில்ல தம்பி," என்றது அக்கா. "அந்த மனுஷன் ஒருத்தர் எனக்குப் போட்டு, அப்புறம் நான் தோக்கணும்."

அதற்கப்புறம் எனக்கு மஸ்கட்டாவது சிங்கப்பூராவது. வருகிற போன் அத்தனையும் போகட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது அவர் ஸ்டேஷன் வராந்தாவில் பாயை விரித்தாகிவிட்டது. எதிரே புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் சப் இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாருங்க நீங்க, என்ன கேஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலெக்சன் கேஸுங்க," என்றார் அண்ணன்.

அந்தம்மா ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு, வழக்கமா வருவாருங்க மேடம் என்றார். யார் வரச் சொன்னது? முந்தின இன்ஸ்பெக்டராக இருக்கும். அவர் சொன்னாரா? அவருக்கு முந்தினவராக இருக்கும். இப்படி ஒவ்வொருத்தராகத் தோண்டிக்கொண்டே போனதில், டீசல் இல்லாத அந்தத் தேர்தலுக்குப் பிறகு இவரை யாருமே கூப்பிடவில்லை என்று தெரிந்தது. வந்து படுத்திருக்கிறாரே, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். புளிச்சோறு தின்கிறார்களே, கூப்பிட்டுத்தான் இருப்பார்கள் என்று இவர் நினைத்திருக்கிறார். என்ன ஜென்மங்களோ!

"உங்க மேல இப்ப ஏதாவது கேஸ் இருக்கா?"

"பழைய அண்டா கேஸுதாங்க. உள்ள இருந்து முடிச்சாச்சுங்க."

"அப்புறம் என்னங்க? உள்ள அடைச்சு வச்சிருக்கிறப்பதான் ஓட்டுப் போட முடியாது. வெளிய வந்துட்டா எல்லாரையும் போல உங்களுக்கும் உண்டு. ஓட்டுக்குக் காசு குடுத்தது, அடுத்தவன் ஓட்டைப் போட்டதுன்னு தண்டனை வாங்கினாத்தான் சில வருசத்துக்குப் போகும். அண்டாவுக்கெல்லாம் போகாது."

அண்ணன் பாயில் உட்கார்ந்தார்.

"அப்ப இத்தனை வருசமும்?" என்றார்.

"இத்தனை வருசமும் இருந்துச்சு. நீங்கதான் இங்க வந்து படுத்துக்கிட்டீங்க."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் நம்ம ஆள் லேசில் எழுந்திருப்பாரா? கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். தான் வெளியே இருக்கும்போது நாளைக்கு எவனாவது எங்கேயாவது கல்லை விட்டெறிந்தால் பழி தன் தலையில்தான் விழும், அதனால் தயவு பண்ணி உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றார். உள்ளே வைக்கச் சொல்லிப் போலீஸ் காலில் விழுந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல் விழுந்தால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வரிசையில் நில்லுங்கள் என்று அந்தம்மா பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். யாருக்குப் போட்டீங்கன்னு யார் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டு ரகசியம் என்றும் சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் நான் அக்காவுக்குப் பூத் ஏஜெண்ட். அண்ணன் கருக்கலிலேயே வந்து, தான் கட்டின தட்டிக்குள் முதல் ஆளாக நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பயத்தில் சட்டை முழுக்க வியர்வை. கதவு திறந்ததும் அதிகாரி அண்ணன் கொடுத்த சீட்டை வாங்கி, அதிலிருந்த பெயரைச் சத்தமாக வாசித்தார். "கோவிந்தராசு."

"நான்தாங்க," என்றார் அண்ணன்.

"நான்தான்," என்றது அவருக்குப் பின்னால் ஒரு குரல்.

மரவாடியில் வேலை பார்க்கும் பையன். கையில் கோவிந்தராசு பெயரில் சீட்டு. எங்கள் அண்ணன் ஓட்டுப் போடவில்லையே தவிர, அவருடைய ஓட்டு ஒரு தேர்தலிலும் தவறினதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கடப்பாரை என்றே கூப்பிட்டுப் பழகினதில் அந்தப் பையனுக்கு இவர்தான் கோவிந்தராசு என்று தெரியவில்லை.

அண்ணன் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "ஏன்டா தம்பி, நாங்க இருட்டினப்புறம் போனோம். பயந்துக்கிட்டுப் போனோம். பட்டப்பகல்ல, வரிசையில நின்னா திருடுவாங்க?" என்றார். வரிசை மொத்தமும் சிரித்ததில் பையன் தட்டிக்கு அடியில் நுழைந்து ஓடினான்.

மரவாடி ஏஜெண்ட் எழுந்து, இவர் ஜெயிலுக்குப் போனவர், ஓட்டுக் கிடையாது என்று ஆட்சேபித்தார். அதிகாரியாக வந்திருந்த வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இப்ப ஜெயில்லயா இருக்காரு? என் முன்னாடி இல்ல நிக்கிறாரு," என்று சொல்லி, விரலை நீட்டச் சொன்னார். அண்ணன் நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். மை வைக்கிற அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வைக்க வேண்டியிருந்தது.

மறைப்புக்குள் போனவர் வரவே இல்லை. ஓட்டை ஏதும் போடுகிறாரோ என்று எனக்கே சந்தேகம். கடைசியில் சீட்டைத் தாலிக்கயிறு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார். போட்டுவிட்டுக் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். விழுந்துவிட்டது என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

அக்கா ஜெயித்தது. நல்ல வித்தியாசத்திலேயே ஜெயித்தது. சாக்கடைக்கு வாய்க்கால் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு சண்டை வந்தது பாருங்கள், அது இன்று வரை ஓயவில்லை. யாருக்குப் போட்டீங்க என்று அன்று சாயங்காலம் அக்கா ஆசையாகக் கேட்டிருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது, ரகசியம் என்று மேடம் சொல்லியிருக்காங்க என்றாராம் இவர். அக்கா உப்பில்லாமல் ரசம் வைத்துப் பார்த்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தது. தெருவே கூடி நின்று கேட்டது. அண்ணன் மை வைத்த விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

செல்போன் வந்து என் பூத்தை மூட வேண்டி வந்தபோது, சென்னைக்குக் கிளம்புமுன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அப்போதும் அந்தச் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. இன்னுமா அக்கா உங்களுக்கு அந்தச் சந்தேகம் என்று கேட்டேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அவருக்குக் கேட்காதபடி சொன்னது: "தெரியாமலா தம்பி கேக்கிறேன்? அந்த மனுஷன் வாழ்க்கையில மறைச்சதெல்லாம் தலை குனிய வச்ச விஷயம். தலை நிமிந்து மறைக்கிறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நான் கேக்காம விட்டா அவரு எதை மறைப்பாரு?"

இப்போதும் ஒவ்வொரு தேர்தல் அன்றும் அவருக்கு நான் போன் போடுகிறேன். போட்டாச்சு தம்பி, முதல் ஆளா நின்னு போட்டாச்சு என்பார். யாருக்கு அண்ணே என்பேன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நான் ஓட்டுப் போடக் கிளம்புவேன்.